கதவு எண் 47, மன்னார் வளைகுடா

தன் வீடு கடலில் இருக்கிறது என்ற செய்தி வந்தபோது ஞானபாக்கியம் அந்த வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

செய்தி கைபேசியில் வந்தது. அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதிலும் குடியிருப்பு, கடற்பரப்பு போன்ற சொற்களைக் கூட்டி முடிப்பதற்குள் திரை அணைந்துவிடும். ஆகவே கையில் பிடித்த விளக்குமாற்றோடு பக்கத்து வீட்டு ரீனாவிடம் போனாள். ரீனா பத்தாவது வரை படித்தவள். அதை அவள் மறந்ததில்லை. தெருவையும் மறக்க விட்டதில்லை.

ரீனா சத்தமாக வாசித்தாள்.

"அன்புடையீர், கடலோரக் குடியிருப்பு இடமறி இயக்ககத்தின் வணக்கம். கதவு எண் 47, தங்கள் வீடு, திருச்செந்தூருக்குக் கிழக்கே மூன்று மைல் தொலைவில் கடற்பரப்பில் அமைந்திருப்பதாகத் தெரியவருகிறது. இம்மாதம் இருபத்தைந்தாம் தேதிக்குள் தாங்கள் இதனை நேர்செய்யாவிடில் தங்களுக்கு வீடே இல்லை என முடிவு செய்யப்படும். எங்கள் சேவையில் மகிழ்ச்சி எனில் ஒன்றை அழுத்தவும்."

படித்து முடித்த ரீனா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏளா ஞானம், நீ எப்பம் வீடு மாறுன? ஒரு வார்த்த சொல்லல பாரு."

"வெளையாடாதளா. அடுப்புல கொழம்பு கெடக்கு."

"எந்த அடுப்புல? இங்கனயா, அங்கனயா?"

ரீனாவின் வீடு கதவு எண் 46. அது சரியான இடத்தில் இருப்பதாக இயக்ககம் போன வாரமே சான்றிதழ் அனுப்பியிருந்தது. நடுவில் பச்சை நிறத்தில் பெரிய சரிக்குறி போட்ட அந்தத் தாளை ரீனா லேமினேட் செய்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். மாலை ஜெபத்தின்போது மெழுகுவர்த்தி வெளிச்சம் இரண்டின் மேலும் ஒரே மாதிரி விழும்.

ஞானபாக்கியத்தின் வீடு இரண்டு அறையும் சமையலுக்கு ஒரு குசினியும் கொண்டது. கணவர் சந்தியாகு தோணியில் மாலத்தீவுக்குச் சரக்கு கொண்டுபோன மனிதர். ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அவள் நெத்திலியும் சாளையும் காயப்போட்டுக் கருவாடு விற்று, பதினொரு வருடத்தில் அந்த வீட்டைக் கட்டினாள். ஒரு மழைக்கு முன்னால் அஸ்திவாரம், அடுத்த மழைக்கு முன்னால் சுவர் என்று எழும்பிய வீடு. சுவரில் மூக்கை வைத்தால் இன்றைக்கும் நெத்திலி மணக்கும். இல்லாதது பட்டா ஒன்றுதான். அந்தத் தெருவில் அறுபது வீட்டுக்கும் பட்டா கிடையாது. அதைக் கொடுக்கத்தான் இயக்ககம் வானத்திலிருந்து அளந்துகொண்டிருந்தது.

அளந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

ஜனவரியில் இயக்ககத்தின் களச் சரிபார்ப்பாளர் செந்தில்முருகன் வந்திருந்தான். சாத்தான்குளத்துக்காரன். கடலைத் தூரத்தில் பார்த்தாலே மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுகிற அளவுக்கு அதன்மேல் மரியாதை உள்ளவன். இயக்ககத்தின் 'உள்ளேன்' என்ற செயலியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று படம் பிடித்தான். படம் பிடித்தவுடன் வீடு பூமியில் எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதைச் செயலியே எழுதிக்கொள்ளும். நாற்பத்தாறு வீடு முடிந்து நாற்பத்தேழாவது வாசலுக்கு வந்தபோது கைபேசி சூடாகி அணைந்துவிட்டது.

"செல்லு கொதிக்குக்கா. ஒங்க வீட்டுக்கு நான் நாளைக்குத்தான் வரணும்" என்றான்.

ஞானபாக்கியத்தின் தம்பி ஜேசுபாதம் பைபர் படகு ஓட்டுகிறவன். அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து ஜி.பி.எஸ். பெட்டிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். இந்தக் கரையில் அந்தப் பெட்டி இல்லாமல் படகு இறங்குவதில்லை. கடலடியில் எந்தப் பாரில் மீன் கிடக்கும், எந்தப் பாறையில் வலை கிழியும் என்பதையெல்லாம் பெட்டியில் குறித்து வைத்திருப்பார்கள். பெண்டாட்டிக்குச் சொல்லாத ரகசியம் அதில் இருக்கும்.

"நாளைக்கு எதுக்கு சார்? இந்தா நம்ம பெட்டி. மேல சுத்துத அதே சேட்டிலைட்டுதான் இதுக்கும் சொல்லுது. எழுதிக்கிடுங்க" என்றான் ஜேசுபாதம்.

செந்தில்முருகன் மகிழ்ந்துபோய் பெட்டி காட்டிய எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். ஞானபாக்கியம் கொடுத்த கலர் சோடாவைக் குடித்தான். சாயங்காலம் கைபேசி ஆறிய பிறகு உள்ளங்கையைப் பார்த்துச் செயலியில் ஏற்றினான்.

படகுப் பெட்டி டிகிரியும் நிமிடமுமாகப் பேசும். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். இயக்ககத்தின் செயலிக்கு நிமிடம் தெரியாது, புள்ளிதான் தெரியும். எட்டு டிகிரி நாற்பத்தெட்டு நிமிடம் என்று பெட்டி சொன்னதை அவன் எட்டு புள்ளி நாற்பத்தெட்டு என்று ஏற்றினான். அந்த ஒரு புள்ளியில் வீடு முப்பத்தாறு கிலோமீட்டர் தெற்கே போயிற்று. அங்கே கரை மேற்கே ஒதுங்கியிருப்பதால் தண்ணீருக்குள் இறங்கிற்று. சுவர், கதவு, அம்மி, ஆட்டுரல், கயிற்றில் காய்ந்த சேலை எல்லாம் சேர்ந்துதான் போயின. செயலி எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

செய்தி வந்த மறுநாள் ஞானபாக்கியம் இயக்ககத்துக்குப் போனாள்.

இயக்ககம் துறைமுகச் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், மூன்று மாடிக் கட்டடத்தில் இருந்தது. கீழே கூடத்துச் சுவரில் வழிகாட்டுதலின் வரலாற்றை நான்கு படங்களாக வரைந்திருந்தார்கள். முதல் படத்தில் முத்துக் குளிக்கிறவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். இரண்டாவதில், 1957இல் பீப் பீப் என்று கூவிக்கொண்டு பூமியைச் சுற்றிய முதல் செயற்கைக்கோள். மூன்றாவதில் ஒரு மீனவர் ஜி.பி.எஸ். பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். நான்காவதில் துணை இயக்குநர் இந்துமதி.

மூன்று மாடியிலும் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. மேசைகள் இருந்தன. ஆள் ஒருவரும் இல்லை. வாசலில் காவலாளி மட்டும் இருந்தார்.

"ஆபீசு எங்கண்ணே?"

"எதிர்த்தாப்ல டீக்கடையில இருக்கும்மா."

உண்மையாகவே அங்கேதான் இருந்தது. பெஞ்சுகளில் எழுத்தர்கள் கோப்புகளைத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வடை அலமாரியின் மேல் முத்திரையும் மைப்பெட்டியும் இருந்தன. உள்ளே, விறகு அடுக்கிய மூலையில், ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் துணை இயக்குநர் இந்துமதி உட்கார்ந்திருந்தார். டீக்கடை அண்ணாச்சி கிளாஸ் கழுவுவதற்கு முன் அனுமதி கேட்டார்.

காரணம் எளியது. இயக்ககத்து ஊழியர்களின் வருகைப் பதிவும் 'உள்ளேன்' செயலியில்தான். அலுவலகம் இருக்கிற புள்ளியில் நின்றால்தான் வருகை விழும். புள்ளியை விட்டு நகர்ந்தால் விடுப்பு விழும். மூன்று வருடத்துக்கு முன் அலுவலகத்தின் புள்ளியைப் பதிவு செய்யப் போன அதிகாரி, பதிவு செய்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஞானபாக்கியம் தன் கதையைச் சொன்னாள். இந்துமதி கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். பிறகு திறந்தார்.

"அம்மா, உங்க தலைக்கு மேல இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்துல செயற்கைக்கோள் சுத்துது. ஒரு இடத்தைச் சரியாச் சொல்லணும்னா நாலு செயற்கைக்கோள் வேணும். நாலும் ஒண்ணா உங்க வீடு கடல்லனு சொல்லுது. எதிர்ப்பக்கம் நீங்க ஒரு ஆளு."

"பக்கத்து வீட்டு ரீனாவும் சொல்லுவா மேடம்."

"ரெண்டு. அப்பவும் நாலுதான் பெருசு."

"நான் அங்கனதான மேடம் தூங்குதேன், முழிக்கேன்."

"தூங்குறது ஆதாரம் ஆகாதும்மா. தூங்குறவங்களுக்குத் தான் எங்க இருக்கோம்னே தெரியாது." பெஞ்சில் இருந்த எழுத்தர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள். "பழைய காலத்துல என்ன செஞ்சாங்க? நட்சத்திரத்தைப் பாத்தாங்க. கலங்கரை விளக்கத்தைப் பாத்தாங்க. கண்ணால பாத்து கண்ணால பாத்துத்தான் எல்லாக் கப்பலும் முங்குச்சு. இன்னைக்கு இந்தத் துறைமுகத்துக்கு வர்ற ஒவ்வொரு கப்பலும், வெளிய நிக்கிற ஒவ்வொரு லாரியும் எங்க இருக்குனு செயற்கைக்கோளுக்குத் தெரியும். அதுங்க யாராச்சும் எங்கிட்ட வந்து அழுதிருக்காங்களா?"

ஞானபாக்கியம் சுற்றிலும் பார்த்தாள். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"மேடம், ஒங்க ஆபீசே எதிர்க்க இருக்கு. இங்கனல்லா இருக்கீய?"

டீக்கடையில் ஒரு கணம் பேனாக்கள் நின்றன. இந்துமதி கோபப்படவில்லை. இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல கேள்வி. எங்க இடமும் மாறித்தான் பதிவாச்சு. நாங்க தகராறு பண்ணினோமா? பதிவு எங்க இருக்கோ அங்க நாங்க வந்துட்டோம். அதுக்குப் பேருதான் ஒழுங்கு. நீங்களும் கொஞ்சம் நகர்ந்து பாக்கலாமே."

"கடலுக்கா மேடம்?"

"திருத்தம் வேணும்னா நாலாம் நம்பர் படிவம். பதிவான இடத்துல, உங்க வீட்டு முன்னால நின்னு, எங்க சரிபார்ப்பாளர் முன்னிலையில ஆப்புல போட்டோ எடுக்கணும். அந்த இடத்துக்குப் பதினஞ்சு மீட்டருக்குள்ள போனாத்தான் கேமரா திறக்கும்."

"அங்கன தண்ணிதான மேடம் கெடக்கும்?"

"அதான் சொல்றேன், பாத்துப் போங்க."

ஒருவேளை தானாகச் சரியாகிவிடும் என்று ஞானபாக்கியம் சில நாள் பொறுத்துப் பார்த்தாள். சரியாகவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததுபோல, வீடு கடலில் நிலைக்க ஆரம்பித்தது. சிலிண்டர் கொண்டுவருகிறவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "யக்கா, திருச்செந்தூர் கோயில் தாண்டிக் கரை வரைக்கும் வந்துட்டேன். இதுக்கு மேல மேப்பு நேராப் போகச் சொல்லுது. நீச்சல் தெரியாதுக்கா" என்றார். ஒருநாள் நடுப்பகலில் அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தபோது, காற்றழுத்தத் தாழ்வு காரணமாக அலை உயரும், வீட்டை விட்டு உடனே கரைக்குத் திரும்பவும் என்று செய்தி வந்தது. அவள் எழுந்து வாசல்வரை போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து அரைத்தாள். அடுத்த நாள் ஒரு கேள்வித்தாள் வந்தது. தங்கள் வீட்டில் இயந்திரம் பொருத்தப்பட்டுள்ளதா, ஆம் அல்லது இல்லை. ஆம் எனில், ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குமுன் வீட்டைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும்.

"மிக்ஸி இருக்குன்னு போட்டுறாத" என்றாள் ரீனா. "வீட்டப் பிடிச்சுக் கட்டிப் போட்டுருவாவ."

இதெல்லாம் சிரித்துத் தள்ளக்கூடியவை. பதினெட்டாம் தேதி வந்தது சிரிக்கக்கூடியதல்ல.

நான்கு பேர் சுண்ணாம்புப் பொடி டப்பாவும் நூல்கண்டுமாக வந்தார்கள். கதவைத் தட்டவில்லை. நேராக உள்ளே வந்து முன்னறையிலிருந்து வெள்ளைக் கோடு போட ஆரம்பித்தார்கள்.

"என்னய்யா செய்யுதிய?"

"இது காலி மனைம்மா. மேப்புல காலியாத்தான் காட்டுது. இங்க தூண் வருது. செயற்கைக்கோள் வழிகாட்டி நினைவுத் தூண், நாப்பது அடி. இருபத்தஞ்சாம் தேதி அடிக்கல். அந்தக் கட்டில கொஞ்சம் நகத்துங்க."

கோடு கட்டிலுக்கு அடியில் போயிற்று. பீரோவைச் சுற்றி வளைந்து குசினிக்குள் நுழைந்தது. தூணின் நடுப்புள்ளி சரியாக அம்மிமேல் விழுந்தது. அந்த ஆள் மிகுந்த கவனத்தோடு அரைத்து வைத்த தேங்காய்த் துவையலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அம்மியின்மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

அவர்கள் போன பிறகு ஞானபாக்கியம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருபத்தைந்துக்கு இன்னும் ஏழு நாள். பதினொரு வருடத்தில் கட்டியதை ஏழு நாளில் எங்கே தூக்கிக்கொண்டு போவது?

"ஏலே ஜேசு" என்று தம்பியைக் கூப்பிட்டாள். "படகுல டீசல் இருக்கா?"

இருபதாம் தேதி விடிந்ததும் செந்தில்முருகன் வந்தான். கையில் நாலாம் நம்பர் படிவமும், இரண்டு எலுமிச்சம்பழமும், ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தன. நடந்த தப்பு இன்னதென்று அவனுக்கு இதற்குள் தெரிந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல், கரையில் கிடந்த சங்கையே பார்த்துப் பேசினான்.

"ஒரு சிக்கல் இருக்குக்கா. போட்டோவுல வாசக்கதவு, கதவு நம்பரு, நீங்க, மூணும் ஒண்ணாத் தெரியணும். இல்லன்னா ஆப்பு தள்ளிரும்."

ஜேசுபாதம் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போனான். திரும்பி வந்தபோது ஒரு கையில் திருப்புளி இருந்தது. தலைமேல் கதவு இருந்தது.

வேப்பமரக் கதவு. நீலப் பெயிண்ட். மேலே 47 என்ற தகடு. அதன் கீழே போன குருத்து ஞாயிற்றுக்குச் செருகிய ஓலைச் சிலுவை. அதற்கும் கீழே, 'இயேசு இந்த வீட்டின் தலைவர்' என்ற ஸ்டிக்கர். திறந்து கிடந்த வாசலில் ஞானபாக்கியம் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். ரீனாவை அழைத்து, "ஏளா, நான் வீட்டுக்குப் போயிட்டு வாரேன். இந்த வீட்டப் பாத்துக்க" என்றாள். தான் சொன்னது என்ன என்பது படகு கிளம்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

படகு தெற்கே ஓடிற்று. ஞானபாக்கியம் கதவைப் பிடித்துக்கொண்டாள். செந்தில்முருகன் ஞானபாக்கியத்தைப் பிடித்துக்கொண்டான். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நங்கூரம் போட்டிருந்த நிலக்கரிக் கப்பல்களைத் தாண்டுவதற்குள் அவன் பிளாஸ்டிக் பையைத் திறந்துவிட்டான். எதிரே கரைக்குத் திரும்பிய ஒரு படகிலிருந்து சத்தம் வந்தது.

"ஏ ஜேசு! கதவ எங்கல கொண்டு போற? கடலப் பூட்டவா?"

"அக்காக்குப் புது வீடு! பால் காய்ச்சப் போறோம். வாரியா?"

இரண்டரை மணி நேரத்தில் இடம் வந்தது. மேற்கே தூரத்தில் திருச்செந்தூர்க் கோபுரம் விரல்நுனி அளவு தெரிந்தது. மற்றபடி தண்ணீர். செயலி மட்டும் குதூகலமாக, "நீங்கள் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்" என்றது.

ஜேசுபாதம் நங்கூரத்தைப் போட்டான். கதவை நிமிர்த்தி வைத்து, படத்தில் தெரியாதபடி அதன் பின்னால் குந்திக்கொண்டான். ஞானபாக்கியம் கதவுக்கு முன்னால் முந்தானையைச் சரிசெய்து நின்றாள். செந்தில்முருகன் ஒரு கையால் படகைப் பிடித்து, மறு கையால் படம் எடுத்தான்.

"வீடு அசைகிறது" என்றது செயலி. "தயவுசெய்து வீட்டை அசையாமல் வைத்து மீண்டும் முயலவும்."

ஆறு தடவை முயன்றார்கள். ஐந்தாவது தடவை எலுமிச்சம்பழம் கடலில் விழுந்தது. ஏழாவது தடவை காற்று ஒரு மூச்சு ஓய்ந்தது. கடல் தட்டுபோல் நின்றது. செயலியில் பச்சைச் சரிக்குறி மலர்ந்தது. சின்ன இசையும் வந்தது. ஞானபாக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"முடிஞ்சுதா தம்பி? வீடு கரைக்கு வந்துட்டா?"

செந்தில்முருகன் திரையைப் படித்தான். மறுபடி படித்தான். வாந்தியில் வெளுத்திருந்த முகம் இன்னும் வெளுத்தது.

"அக்கா... மொதல்ல இடத்த உறுதி செஞ்சாத்தான் திருத்த முடியும்னு மேல போட்டிருந்தாவ. உறுதி செஞ்சுட்டா மூணு வருசத்துக்குத் திருத்த முடியாதுன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்காவ."

"அப்படின்னா?"

"ஒங்க வீடு இங்கனதான் இருக்குன்னு நீங்களே சொல்லிட்டிய."

ஜேசுபாதம் கதவைப் படகில் படுக்கப்போட்டான். ஞானபாக்கியம் அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இங்கன எத்தன பாகம் தண்ணி?" என்று கேட்டாள்.

"பதினாலு இருக்கும்க்கா. எம்பத்தஞ்சு அடி ஆழம்."

"பதினாலு பாகத்துல அஸ்திவாரம் போட்டிருக்கேன்" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். கரை வரும்வரை எடுக்கவில்லை.

இருபத்துமூன்றாம் தேதி காலையில் ஜே.சி.பி. வந்தது. பின்னாலேயே காரில் இந்துமதியும் வந்தார். அன்றைக்கு மட்டும் டீக்கடையை விட்டு வெளியே வர அவருக்குச் செயலியில் சிறப்பு அனுமதி கிடைத்திருந்தது. பந்தல்காரர்கள் தெருமுனையில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஞானபாக்கியம் பீரோவை வெளியே எடுக்கவில்லை, கட்டிலையும் எடுக்கவில்லை. திரும்ப மாட்டிய கதவை உள்ளே தாழ் போட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜே.சி.பி. ஓட்டுநர் கீழே இறங்கி வந்து கைபேசியைக் கதவு எண் தகட்டின்மேல் காட்டினார். எந்த வீட்டை இடித்தாலும், இடிப்பதற்கு முன் அதன் எண்ணைச் செயலியில் காட்ட வேண்டும். பதிவில் இருக்கிற வீடும் எதிரே இருக்கிற வீடும் ஒன்றுதான் என்று செயலி சொன்ன பிறகே இயந்திரத்தைத் தொடலாம். தப்பான வீட்டை இடித்துவிடக் கூடாது என்பதற்காக இந்துமதியே கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்காக அவர் விருதும் வாங்கியிருந்தார்.

கைபேசி பேசிற்று. "இந்த வீடு இங்கே இல்லை. சரியான இடத்துக்குச் செல்லவும். முப்பத்தாறு கிலோமீட்டர். இடப்பக்கம் திரும்பவும்."

ஓட்டுநர் இடப்பக்கம் பார்த்தார். கடல் இருந்தது.

"மேடம், இது கடல்ல போய் இடிக்கச் சொல்லுது."

"வீடுனு காட்டாதீங்க. காலி மனைனு போட்டு நேராக் குழி தோண்டுங்க" என்றார் இந்துமதி.

ஓட்டுநர் காலி மனை என்று மாற்றி, வீட்டின் முன்னால் நின்று கைபேசியைத் தூக்கிக் காட்டினார்.

"இங்கே வீடு ஒன்று உள்ளது" என்றது கைபேசி. "காலி மனையில் மட்டுமே குழி தோண்ட முடியும்."

"என்னப்பா இது? வீடு இருக்குனு சொல்லுதா, இல்லைனு சொல்லுதா?"

"இருக்கு, ஆனா இல்லங்குது மேடம். நான் என்ன செய்யதுக்கு? டிக் விழாம ஆக்சிலேட்டர மிதிச்சா, வண்டி ஆஃப் ஆயிரும்."

இந்துமதி யோசித்தார். தெருவே கூடி நின்றது. அவருக்கு ஒரு கூட்டத்தைப் பார்த்தால் பேசாமல் இருக்க முடியாது.

"பொதுமக்களே" என்றார். "கார்கில் போர் சமயத்துல அடுத்தவங்க செயற்கைக்கோளை நம்பி நாம ஏமாந்தோம்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் நமக்குனு சொந்தமாச் செயற்கைக்கோள் அனுப்பினோம். இனி குலசேகரன்பட்டினத்துல இருந்தும் ராக்கெட் போகும். எதுக்கு? இனி யாரும் நம்மளை ஏமாத்தக் கூடாது. நம்மளை நாமேதான்..." இந்த இடத்தில் வாக்கியம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரிந்தது. இருமினார். "இந்த அம்மா வீடு கடல்ல இருக்குனு நாங்க சொல்லல. அவங்களே கதவோட போய் உறுதி செஞ்சிருக்காங்க. உறுதியான ஒரு பதிவை மீற இயக்குநருக்கே அதிகாரம் கிடையாது. அதுதான் எங்க அமைப்போட பலம்."

"அப்படின்னா என் வீட்ட இடிக்க மாட்டியளா?" என்று ஜன்னலிலிருந்து கேட்டாள் ஞானபாக்கியம்.

"இடிக்கிறதுக்கு உங்களுக்கு இங்க வீடு இல்லையேம்மா" என்றார் இந்துமதி வருத்தத்தோடு.

கார் போயிற்று. ஜே.சி.பி. போயிற்று. ஞானபாக்கியம் தாழை நீக்கி வெளியே வந்தாள். குசினியில் அம்மியின்மேல் இருந்த பெருக்கல் குறியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தாள். சுண்ணாம்பு லேசில் போகவில்லை. பரவாயில்லை என்று அதன்மேலேயே மிளகாயை வைத்து அரைத்தாள்.

மறுநாள் ரீனாவின் கைபேசிக்குச் செய்தி வந்தது. தெருவில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான் என்பதால், அவளுடைய செய்தியை அவளேதான் வாசிக்க வேண்டியிருந்தது.

"அன்புடையீர், கதவு எண் 46, தங்கள் வீடு சரியான இடத்தில் இருப்பது உறுதி செய்யப்பட்டுள்ளது. எனவே அது அகற்றப்படும். மறுப்பு எதுவும் இருந்தால் ஏழு நாளுக்குள், பதிவான இடத்தில் நின்று தெரிவிக்கவும். எங்கள் சேவையில் மகிழ்ச்சி எனில் ஒன்றை அழுத்தவும்."

46 மட்டுமல்ல. அடிக்கல் நாள் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. தூணுக்கு ஒன்று, கார் நிறுத்த நான்கு, திறந்து வைக்க வருகிறவர்கள் நடந்து வர ஒன்று என்று மொத்தம் ஆறு வீடுகளுக்குச் செய்தி வந்திருந்தது. ஆறும் பச்சைச் சரிக்குறி வாங்கிய வீடுகள். ஒழுங்காக இருக்கிற வீடுகளைத்தான் ஒழுங்காக அகற்ற முடியும் என்று இயக்ககம் கண்டுபிடித்திருந்தது.

ரீனா லேமினேட் செய்த சான்றிதழை மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்து கழற்றினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஞானபாக்கியத்தின் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை; கொஞ்ச நேரம் நிலையையும் கீலையும் பார்த்தாள்.

"ஏளா ஞானம்."

"என்ன?"

"ஒன் தம்பிகிட்ட... அந்தப் பெட்டி இருக்குல்லா?"

ஞானபாக்கியம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது. மூன்று வாரமாக ரீனா கேட்ட கேள்விகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. ஆனால் ரீனாவின் கண் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டில் அடுப்பு புகையவில்லை. அந்தப் பதினொரு வருடத்தில் சுவர் எழுப்பியபோதெல்லாம் தண்ணீர் ஊற்றி நனைக்க ரீனாதான் குடம் தூக்கியிருந்தாள்.

"ஏளா, திருப்புளி இருக்கா?" என்றாள் ஞானபாக்கியம். "இல்லன்னா எங்க வீட்டுல வாங்கிக்க."

செந்தில்முருகனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மறுபதிவு செய்ய விதியில் இடம் உண்டா என்று அவன் படிவங்களைப் புரட்டினான். வீட்டுக்காரர் நேரில் போய் உறுதி செய்யாத பதிவு என்றால், முன்பு பதிவு செய்தபோது கைபேசி சூடாக இருந்தது என்று சரிபார்ப்பாளரே எழுதிக் கொடுத்தால் இடம் உண்டு. எழுதிக் கொடுத்தான். ஜேசுபாதம் பெட்டியை ஒவ்வொரு வாசலாகத் தூக்கிக்கொண்டு போனான். செந்தில்முருகன் எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். போன தடவை தெரியாமல் வைத்த புள்ளியை இந்தத் தடவை தெரிந்தே வைத்தான்.

மூன்றாம் நாள் காலையில் ஆறு படகுகள் தெற்கே போயின. ஒவ்வொரு படகிலும் ஒரு கதவு. பச்சைக் கதவு, காவிக் கதவு, தகரம் அடித்த கதவு, பெயிண்ட் வாங்க முடியாமல் மரமாகவே நின்ற கதவு. நிலக்கரிக் கப்பலின் மேல்தளத்தில் ஏதோ நாட்டு மாலுமி ஒருவர் பைனாகுலரை எடுத்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வைத்துவிட்டார்.

இடம் தெரிந்தவள் என்பதால் ஞானபாக்கியம் முதல் படகில் வந்திருந்தாள். செந்தில்முருகன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தான். அவன் இப்போது வாந்தி எடுப்பதில்லை. கோபுரம் விரல்நுனி அளவுக்கு வந்ததும் அவள் கையைத் தூக்கினாள். ஆறு படகும் எஞ்சினை நிறுத்தின. தண்ணீர் பலகையில் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

ரீனா தன் படகில் எழுந்து நின்று, பச்சைக் கதவை மார்போடு அணைத்துக்கொண்டு நாலா பக்கமும் பார்த்தாள். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"ஏளா ஞானம்! ஒன் வீடு எது வரைக்கும் வருது? நான் எங்கன போடட்டும்?"

ஞானபாக்கியம் தண்ணீரைக் கூர்ந்து பார்த்தாள்.

"அங்கனயே போடு. ஆனா ஒட்டிப் போட்டுறாத" என்று கத்தினாள். "நாலடி சந்து விடு. எனக்குக் கருவாடு காயப்போட எடம் வேணும்."